அண்ணனின் அரைக்கட்டை

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. அன்று அவரை வாசலில் கிடத்தியிருந்தபோது, தங்கை என்ற முறையில் இரண்டு வார்த்தை பேசும்படி பெரியவர்கள் என்னிடம் சொன்னார்கள். நான் எழுந்திருக்கவே இல்லை. துக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், கூட்டத்தைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் இந்த முறை எழுதித் தருகிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தமிழ்ப்பள்ளி முடித்து, இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம் வரை படித்தவள் நான். பெரிய எழுத்து எதிர்பார்க்க வேண்டாம்.

அண்ணன் பிறந்தது மூவாரில். அப்பா அங்கே ஒரு தளவாடத் தொழிற்சாலையில் மேசை நாற்காலிகளுக்குச் சாயம் அடிக்கும் வேலையில் இருந்தார். தொழிற்சாலை முதலாளியான தவுக்கே தன் மகளுக்காக வாங்கிய ஆர்கன் ஒன்று பழுதாகி, அவர் வீட்டுப் பின்கட்டில் கிடந்தது. குப்பைக்குப் போக இருந்ததை அப்பா கேட்டு வாங்கி, லோரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். நடுவில் சில விசைகளை அழுத்தினால் சத்தமே வராது. சத்தம் வராத இடத்தில் அண்ணன் வாயால் பாடி நிரப்புவார். அம்மா சமையற்கட்டிலிருந்து, "ஏன்டா, பெட்டி வாசிக்குதா நீ வாசிக்கிறியா?" என்பார். அண்ணனுடைய காது அப்படித்தான் பழகியது என்று நினைக்கிறேன்.

அந்தக் காதைப் பற்றிச் சொல்லாமல் அண்ணனைப் பற்றிச் சொல்ல முடியாது. எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் அது எந்தச் சுருதி என்று அவருக்குத் தெரியும். ஐஸ்பெட்டி முனகுவது, பக்கத்து வீட்டு இரும்புக் கதவு இழுபடுவது, லோரி பின்னால் வரும்போது அடிக்கும் மணி, எல்லாவற்றுக்கும் ஒரு கட்டை சொல்வார். "நம்ம வீட்டு ஐஸ்பெட்டி ரெண்டு கட்டைல பாடுது பாப்பா, பொம்பளக் குரல் இல்ல, நல்ல ஆம்பளக் குரல்." என்னைக் கடைசி வரையில் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். எனக்கு ஐம்பது வயதாகிவிட்டது என்று யாராவது சொன்னால், "அப்ப எனக்கு?" என்று பேச்சை முடித்துவிடுவார்.

பிறகு நாங்கள் ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் உள்ள உலு திராமுக்குக் குடிவந்தோம். அண்ணன் செனாயில் ஒரு தொழிற்சாலையில் பகலில் வேலை பார்த்து, சனி ஞாயிறுகளில் கல்யாணங்களில் கீபோர்ட் வாசித்தார். அப்போது பழக்கமானவர்தான் இசைக்குழு நடத்திவந்த சேகர் மாஸ்டர். அவர் வழியாக ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை வந்தது. முதலில் ஜொகூர் பாரு, பிறகு கோலாலம்பூர், பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, வாழ்நாள் முழுதும் மற்றவர்கள் பாட்டுக்குச் சம்பளத்துக்கு வாசித்துக் கொடுக்கும் செஷன் வாசிப்பவராகவே இருந்தார். பக்திப் பாடல், தீபாவளிப் பாட்டு, தொலைக்காட்சி நாடகத்தின் தலைப்புப் பாட்டு, புடவைக் கடை விளம்பரம் என்று எதையும் தட்டமாட்டார். கேசட் அட்டையில் பாடியவர் படம் இருக்கும். வாசித்தவர் வேலையை முடித்துவிட்டு வெளியே வந்து டீக்கடையில் தே குடித்துக்கொண்டிருப்பார்.

ஒரு முறை நாங்கள் சாலையோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது அவர் வாசித்த பாட்டே வானொலியில் வந்தது. சேகர் மாஸ்டர், "சொல்லேன்டா கடைக்காரன்கிட்ட, நீதான் வாசிச்சேன்னு" என்றார். "சொன்னா சீனி கம்மியா போடுவானா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் கலக்கிக்கொண்டே இருந்தார். ஆனால் அந்தப் பாட்டு முடியும்வரை அவர் குடிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டில் பின்னறை அவருடையது. என் கணவர் தூர இடங்களுக்கு லோரி ஓட்டுபவர். அதனால் பல நாட்கள் வீட்டில் நானும் அண்ணனும் அந்தக் கீபோர்டும்தான்.

புதிதாகப் பாட வரும் பிள்ளைகள் மைக் முன்னால் நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். அண்ணன் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து, "நீ பாடு. நான் இருக்கேன்" என்பார். அவ்வளவுதான். பாடுபவர் ஒரு வரியை விட்டுவிட்டாலும், தவறான இடத்தில் எடுத்தாலும், அவர் சத்தமில்லாமல் அங்கே போய் நின்று அவர்களைக் கூட்டிக்கொண்டு வருவார். கேட்பவர்களுக்குத் தெரியாது. அந்த வார்த்தையை நானும் பிறகு பல முறை அவரிடமிருந்து கேட்க வேண்டி வந்தது.

அவருக்கு முதன்முதலாக வலிப்பு வந்தது மத்தியானச் சாப்பாட்டின்போது. ரசத்தைக் கேட்டவர் பாதி வார்த்தையில் நின்றார். கை சோற்றிலேயே இருக்கிறது, கண் என்னைப் பார்க்கவில்லை. பிறகு நாற்காலியோடு சாய்ந்தார். அவர் இறந்துவிட்டார் என்றே நினைத்தேன். அக்கம்பக்கத்தார் ஓடிவரும்வரை நான் கத்தினேன் என்று சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை. மருத்துவமனையில் படமெடுத்துப் பார்த்துவிட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வேளைகூட விடக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது என்றார்கள்.

அண்ணன் வேனை நான் ஓட்டவேண்டியதாயிற்று. அதற்குமுன் நான் ஓட்டியது பசாருக்கும் கோயிலுக்கும் மட்டும். நெடுஞ்சாலையில் ஒரு பக்கம் கொள்கலன் லோரி, இன்னொரு பக்கம் சிங்கப்பூர் எண் வைத்த கார்கள். ஸ்டியரிங்கை நான் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு அண்ணன், "கழட்டி எடுத்துடாத பாப்பா, திரும்ப மாட்ட எனக்குத் தெரியாது" என்பார்.

"பயமா இருக்குண்ணே."

"நீ ஓட்டு. நான் இருக்கேன்லா."

"நீங்க பக்கத்துல இருக்கிறதுதாண்ணே பயம்."

அதற்கு அவர் அப்படிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உண்மையைத்தான் சொன்னேன். சாலையில் ஒரு கண், அவர் கையில் ஒரு கண். அவர் விரல் முழங்கால்மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தால் எனக்கு மூச்சு வரும். தாளம் நின்றால் வேனை மெதுவாக்குவேன். தூங்குகிறாரா, அது வருகிறதா என்று தெரியாது. "அண்ணே" என்பேன். "இருக்கேன்" என்பார்.

மாத்திரை எடுக்கத் தொடங்கிச் சில வாரம் ஆனபின், ஒரு காலையில் அதே ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தோம். வானொலியில் அவர் வாசித்த பழைய பாட்டு ஒன்று வந்தது. அண்ணன் குவளையைக் கீழே வைத்தார்.

"பாப்பா, இந்தப் பாட்ட யாரோ எறக்கி வச்சிருக்காங்க."

"எறக்கின்னா?"

"இது நான் வாசிச்ச சுருதி இல்ல. அரைக்கட்டை கீழ இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் நேராக ஐஸ்பெட்டியின் முன்னால் போய் நின்றார். கதவைத் திறக்கவில்லை. காதை வைத்துக் கேட்டார். பிறகு கீபோர்டைப் போட்டு ஒரே விசையைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். "இதுவும் எறங்கிருச்சு" என்றார். ஐஸ்பெட்டி எப்படி இறங்கும், கீபோர்ட் எப்படி இறங்கும் என்று எனக்குப் புரியவில்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார். "மண்டைல என்னமோ ஆயிருச்சு எனக்கு. யாருகிட்டயும் சொல்லாத. சேகர்கிட்டகூட."

இசை தெரியாத எனக்கு அவர் சொல்லிப் புரிந்தது இவ்வளவுதான். உலகத்தில் உள்ள எல்லாச் சத்தமும் அவர் காதுக்கு மட்டும் அரைக்கட்டை கீழே விழுந்துவிட்டது. மற்றவர்களுக்கு அதனால் ஒன்றுமில்லை, கவனிக்கக்கூட மாட்டார்கள். அண்ணனுக்கு அது, தினமும் திறக்கும் கதவு ஒரு சாண் தள்ளிப் போய்விட்ட மாதிரி. ஊரில் எத்தனையோ பேருக்கு "நான் இருக்கேன்" என்று சொன்ன மனிதர் அன்று பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலிப்பு வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு கலக்கம் இல்லை. அவரே பயந்தால் நான் யாரைப் பார்ப்பது?

கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை மாற்றினால், விரல் பழைய இடத்திலேயே இருக்க, சத்தம் மட்டும் ஏறும், இறங்கும். பாடுபவரின் குரலுக்கு ஏற்ப வைத்துக்கொள்வதற்காக உள்ளது. அண்ணன் வீட்டில் பயிற்சி செய்யும்போது அதை அரைக்கட்டை ஏற்றி வைக்க ஆரம்பித்தார். சின்னத் திரையில் ஒன்று என்று எண் தெரியும். அப்படி வைத்தால் அவர் காதுக்கு எல்லாம் பழையபடி கேட்டது. வெளியே போகும்போது பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அணைத்துப் போட்டாலும் கடைசியாக வைத்த எண் மாறாமல் நிற்கும் கீபோர்ட் அது.

ஒரு கல்யாண வரவேற்பில் அவர் மறந்துவிட்டார்.

தொடக்கம் அவர் தனியாக வாசிக்கும் பாட்டு. பாட வந்த பெண் அவர் சுருதியை வைத்தே எடுத்தாள், அதுவரை சரி. புல்லாங்குழலும் கிதாரும் சேர்ந்ததும் எனக்கே பல் கூசியது. அண்ணன் தலையைத் திருப்பிப் புல்லாங்குழல்காரரைப் பார்த்தார். அவர் அண்ணனைப் பார்த்தார். மேடையில் தவறு நடந்தால் எல்லாரும் பார்ப்பது அண்ணனைத்தான். அண்ணன் வேறொருவரைப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு அவர் கை அந்தப் பொத்தானுக்குப் போயிற்று. பெண் தடுமாறினாள், அவளை ஒரு சுற்றில் இழுத்துக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். மண்டபத்தில் ஒலிபெருக்கிக் கோளாறு என்று நினைத்திருப்பார்கள்.

சாப்பாட்டு மேசையில் சேகர் மாஸ்டர், "என்னடா, உனக்கும் வயசாயிருச்சா?" என்றார்.

"பட்டனப் பாக்க கண்ணாடி வேணும்டா. நீதான் ஒண்ணு வாங்கித் தரணும்."

"கண்ணாடி வாங்கிக் குடுத்தா அத எங்க வச்சேன்னு தேட இன்னொரு கண்ணாடி கேப்ப."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். வேன் டெப்ராவ் நெடுஞ்சாலைக்கு வந்ததும் வானொலியை அணைத்தார். "பாப்பா, யாரு தப்புன்னு எனக்குத் தெரியல. கொஞ்ச நேரம் அந்த ஆளு தப்பா ஊதுறாருன்னு நெனச்சிட்டேன்" என்றார். பிறகு, "இனிமே நீதான் பாக்கணும்" என்றார்.

அன்றிலிருந்து எனக்கும் இசைக்குழுவில் ஒரு வேலை கிடைத்தது. நிகழ்ச்சி தொடங்குவதற்குமுன் அண்ணன் மேடையிலிருந்து, "கோசோங்கா பாப்பா?" என்று கேட்பார். நான் எட்டி அந்தத் திரையைப் பார்த்து, பூஜ்யம் இருந்தால் "கோசோங்" என்று சொல்ல வேண்டும். கூட்டத்தின் முன்னால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவே எனக்கு வியர்த்துவிடும். மலாயில் கோசோங் என்றால் பூஜ்யம், கடையில் சொன்னால் சீனி இல்லாதது; அதனால் மற்றவர்கள் நான் சீனி இல்லாத தே பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தம்பி எனக்கு நிஜமாகவே தே ஓ கோசோங் வாங்கிவந்து கொடுத்தார்.

மேடையில் தெரிந்த பாட்டுகளை அவர் காதை விட்டுவிட்டு விரலை நம்பி வாசித்தார். ஒலிப்பதிவுக் கூடத்தில் அப்படி முடியாது. அங்கே இசையமைப்பாளர் வாயால் முணுமுணுப்பார், உடனே கை அங்கே போக வேண்டும். அண்ணனின் கை அரைக்கட்டை கீழே போய் விழுந்து, பிறகு நிமிர்ந்தது. அப்படிச் சில முறை நடந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அழைப்பு குறைந்தது.

அந்தச் சமயத்தில் சிங்கப்பூரில் ஒரு பெரிய ஒலிப்பதிவு வந்தது. போகும் வழியெல்லாம் அண்ணன் உற்சாகமாக இருந்தார். பக்கத்தில் ஹாரன் அடித்த லோரியைக் காட்டி, "இவன் பழைய சுருதிக்கே வந்துட்டான் பாரு" என்றார். என்னிடம் கோசோங்கா என்று கேட்கவில்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நோய் விட்டுவிட்டது என்று எண்ணி, முருகனுக்குப் பால்குடம் எடுப்பதாக மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாசித்ததைப் பார்த்தேன். எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது சனிக்கிழமை மாலை நெரிசல். ஜொகூர் பாலத்தின் நடுவில் வேன் நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள், ஒரு பக்கம் மோட்டார் சைக்கிள்கள் தேனீக்களைப் போல் போய்க்கொண்டிருந்தன. அண்ணன் விரல் தாளம் நின்றது. "அண்ணே" என்றேன். திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் உடல் விறைத்துக் கதவில் மோதத் தொடங்கிவிட்டது.

இறங்கி ஓட இடமில்லை. இறங்கினாலும் யாரைக் கூப்பிடுவது? கடலுக்குமேல் நிற்கிறோம். எனக்குப் பின்னால் ஹாரன் அடித்தார்கள். என் கால் பிரேக்கை விட்டு எடுக்க வரவில்லை, எடுத்தால் வேன் முன்வண்டியில் முட்டிவிடும் என்று தோன்றியது. கைப் பிரேக் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. அப்போது மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மலாய்க்காரர், தொழிற்சாலைச் சீருடை போட்டவர், கண்ணாடியைத் தட்டினார். "கக், புக்கா பிந்து" என்றார், அக்கா, கதவைத் திறங்கள் என்று. கதவைத் திறந்தேன். அவர் கைப் பிரேக்கை இழுத்துவிட்டு, அந்தப் பக்கம் போய் அண்ணனின் இருக்கையைச் சாய்த்து, அவரை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டார். தன் மழைச் சட்டையை மடித்துத் தலைக்கு வைத்தார். அவருக்குப் பின்னால் இருந்த மோட்டார்கள் எல்லாம் காத்திருந்தன. "ஜாங்கான் தாகுட், கக்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். பயப்படாதே என்று எனக்கு அன்று சொல்ல அவர் ஒருவர்தான் இருந்தார்.

மருத்துவமனையில் அண்ணனுக்கு நினைவு தெளிந்ததும் நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"மாத்திரைய நிறுத்திட்டேன் பாப்பா. ரெக்கார்டிங் வந்துச்சுல்ல. விட்ட கொஞ்ச நாள்ல காது தானா சரியாயிருச்சு. வீட்டுலகூட பட்டன கோசோங்குக்குக் கொண்டு வந்துட்டேன்."

எனக்கு அப்போதுதான் மாத்திரைக்கும் காதுக்கும் உள்ள தொடர்பு தெரிந்தது. அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை.

நான் அண்ணனை எதிர்த்துப் பேசியவள் இல்லை. அன்றும் பேசவில்லை. "நான் இனிமே வண்டி ஓட்டலண்ணே" என்று மட்டும் சொன்னேன். மிரட்டலுக்குச் சொல்லவில்லை, என்னால் முடியாது என்றுதான் சொன்னேன். வேன் சாவியை அவர் கட்டிலின்மேல் வைத்தேன். அண்ணன் அந்தச் சாவியையே பார்த்தார்.

"நீ ஓட்டு. நான் மாத்திர சாப்பிடுறேன்."

"காது?"

"எல்லாமே ஒரே அளவுதானே எறங்கியிருக்கு. ஊரே அரைக்கட்டை எறங்கிருச்சுன்னு நெனச்சுக்க வேண்டியதுதான்."

மறுநாள் சுற்றுக்கு வந்த பெண் மருத்துவரிடம் நான் வாய் திறந்தேன். எனக்குத் தெரிந்த மலாயில், இந்த மாத்திரையால் என் அண்ணனுக்குப் பாட்டு கீழே கேட்கிறது என்றேன். சிரிப்பார் என்று பயந்தேன். அவர் சிரிக்கவில்லை. கணினியில் பார்த்துவிட்டு, அபூர்வமாகச் சிலருக்கு அப்படி ஆவதுண்டு என்றார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். மண்டையில் கோளாறு இல்லை என்று அன்றுதான் அவருக்கு நிச்சயமாயிற்று. வேறு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், அதில் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. பழைய மாத்திரைக்கே திரும்பினார்.

சேகர் மாஸ்டரிடமும் சொன்னார். அவர், "இத மொதல்லயே சொல்லியிருந்தா நானே அரைக்கட்டை ஏத்திப் பாடிக் காட்டியிருப்பேன்லடா, மடையா" என்றார். அப்படியேதான் செய்தார். ஒலிப்பதிவில் அண்ணனுக்கு எதையாவது பாடிக் காட்டும்போது அரைக்கட்டை மேலே பாடுவார். அண்ணன் கை சரியான இடத்தில் போய் விழும். வெளியார் பார்த்தால் இருவருக்கும் பைத்தியம் என்பார்கள். அழைப்புகள் திரும்ப வந்தன. அண்ணன் கடைசி வரையில் வேலையில் இருந்ததற்கு இந்த நட்பு ஒரு காரணம்.

ஆனால் எனக்குப் பயம் போகவில்லை. பெரிய ஒலிப்பதிவு ஒன்று வரும்போதெல்லாம், மாத்திரை சாப்பிடுகிறாரா என்று எனக்குள் அரிக்கும். தமையனை நோட்டம் பார்க்க வெட்கமாகவும் இருந்தது. தண்ணீர்க் குவளையோடு அவர் அறைக்குப் போகும்போது சமையற்கட்டில் சத்தம் செய்யாமல் நிற்பேன். "போலீஸ்காரம்மா, முழுங்கியாச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். முழுங்கினாரா, சொல்லுக்குச் சொன்னாரா என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவர் போன அன்றுதான் கோலாலம்பூரில் ஒலிப்பதிவு இருந்தது. பல ஆண்டுகளில் வந்ததிலேயே பெரியது. முந்தின நாள் மாலை நான் விளக்கேற்றும்வரை அறையில் வாசித்துக்கொண்டிருந்தது சுவர் வழியாகக் கேட்டது. பிறகு சாப்பிட்டார். அதற்கப்புறம் கீபோர்டைத் தொடவில்லை. காலையில் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போயிருக்கிறார். இதயம் நின்றிருக்கலாம், வலிப்பு வந்ததா இல்லையா என்று சொல்வதற்கில்லை என்றார் மருத்துவர்.

வந்தவர்களில் ஒருவர், நல்லெண்ணத்தில்தான், "மாத்திர ஒழுங்கா எடுத்தாராம்மா?" என்று கேட்டார். "எடுத்தாரு" என்றேன். அண்ணனுடைய மாத்திரை டப்பாவில் பழைய அட்டையும் புதிய அட்டையும் கலந்து கிடந்தன. அதைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. விடிந்தால் ஒலிப்பதிவு என்பது மட்டும் தெரியும். மீண்டும் நிறுத்தியிருப்பாரோ? எனக்குத் தெரியாமல் சில நாட்களாக அந்தக் காதைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தாரோ? கேட்டிருக்கலாமே, டப்பாவை நானே வைத்திருந்திருக்கலாமே. இந்த ஓர் ஆண்டாக ஐஸ்பெட்டி முனகும் சத்தத்தைக் கேட்டாலே எனக்குள் அந்தக் கேள்விதான் வரும். என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. பின்னறையில் கீபோர்டின்மேல் போட்ட துணியை நான் எடுக்கவே இல்லை. துடைக்கவேண்டும் என்றால் துணிக்கு மேலேயே துடைத்தேன்.

சென்ற மாதம் சேகர் மாஸ்டர் வந்தார். நினைவு நாளன்று ஒலிக்கவிட, கீபோர்டில் அண்ணன் பதிந்து வைத்த துண்டுகள் ஏதாவது இருக்கிறதா பார்க்கவேண்டும் என்றார். நான் கதவோரம் நின்றேன். அவர் துணியை எடுத்து, மின்சாரம் கொடுத்து, பொத்தானைப் போட்டார். ஒரு விசையை அழுத்தியதும் முகத்தைச் சுளித்தார்.

"இது ஏம்மா ஏறி நிக்குது? யாராச்சும் தொட்டாங்களா?"

"யாரும் தொடல மாஸ்டர்."

நான் உள்ளே போனேன். பல முறை எட்டிப் பார்த்துக் கோசோங் என்று சொன்ன அதே சின்னத் திரை. பூஜ்யம் இல்லை. ஒன்று.

சேகர் மாஸ்டர் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர விரலை நீட்டினார். "தொடாதீங்க" என்று கத்திவிட்டேன். அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். நான் அவரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பிறகு நான் சொல்லாமலே அவருக்கும் புரிந்துவிட்டது. மாத்திரையை விட்டிருந்தால் அண்ணன் காது பழையபடி ஆகியிருக்கும். பொத்தானைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்திருப்பார். கடைசி மாலை, அவ்வளவு பெரிய ஒலிப்பதிவுக்கு முந்தின மாலை, அவர் அரைக்கட்டை ஏற்றி வைத்துத்தான் வாசித்திருக்கிறார். ஊர் முழுதும் இறங்கியே கேட்டிருக்கிறது அவருக்கு. "சாப்பிட்டிருக்கான்மா" என்றார் சேகர் மாஸ்டர். கீபோர்டின் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் போய் இருவருக்கும் தே கலக்கி வந்தேன்.

அண்ணனின் இறுதிக் காரியங்களை முன்னின்று நடத்திய மாமா வீட்டாருக்கும், மூவாரிலிருந்து வந்து உடனிருந்த சொந்தங்களுக்கும், உலு திராம் அக்கம்பக்கத்தாருக்கும், என் பேச்சைக் கேட்டுச் சிரிக்காத அந்த மருத்துவருக்கும், அண்ணனுக்காகக் கடைசி வரையில் அரைக்கட்டை ஏற்றிப் பாடிய சேகர் மாஸ்டருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பாலத்தில் கண்ணாடியைத் தட்டிய அந்தச் சகோதரரின் பெயர் எனக்குத் தெரியாது. அவருடைய மழைச் சட்டை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். இந்த மலர் அவர் கைக்குப் போகாது, போனாலும் அவரால் படிக்க முடியாது. இருந்தாலும் அவருக்கும் நன்றி.

நினைவு நாளன்று கீபோர்ட் கூடத்தில் இருக்கும். அண்ணனுக்குப் பிள்ளைகள் வாசித்தால் பிடிக்கும், அதனால் யார் வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்து வாசிக்கலாம், சத்தம் போடலாம். வலது பக்கத்துச் சின்னத் திரையில் ஒன்று என்று தெரியும். அதைச் சரிசெய்ய வேண்டியதில்லை. அந்தப் பொத்தானை மட்டும் தயவுசெய்து யாரும் தொடாதீர்கள்.